மோஷன் டெஸ்ட்டுக்கு எந்த முறை? நேரடி ஸ்லைடு, உப்பு மிதவை, ஃபார்மலின் படிவு, கேட்டோ-காட்ஸ்: ஒரு சிறிய லேபுக்கான ஒப்பீடு

சிறிய ஊர் லேப்களில் மலப் பரிசோதனை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. குச்சி நுனியில் கொஞ்சம் மலம், ஸ்லைடில் ஒரு சொட்டு சலைன், மேலே கவர் ஸ்லிப், இரண்டு நிமிடப் பார்வை. பிறகு "முட்டை, சிஸ்ட் எதுவும் காணப்படவில்லை" என்று ரிப்போர்ட். (சிஸ்ட் என்பது அமீபா போன்ற ஒட்டுண்ணிகளின் ஓடு போர்த்த உறங்கும் நிலை.) அந்த வரி பல நேரம் உண்மை. பல நேரம் மலத்தில் இருந்தது அந்த ஸ்லைடுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு முறையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் லேப் முன்னால் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. சென்ட்ரிஃபியூஜ் (குழாய்களை வேகமாகச் சுற்றும் இயந்திரம்) இல்லாமல் செய்யக்கூடிய உப்பு மிதவை, ஃபார்மலினும் கரைப்பானும் கேட்கும் படிவு முறை, முட்டைகளை எண்ணுவதற்கான கேட்டோ-காட்ஸ், கூடவே சாயமேற்றும் முறைகளும், ஒட்டுண்ணியின் புரதத்தைக் கண்டறியும் ஆன்டிஜன் கிட்களும். ஒன்றுக்குத் தெரிவது இன்னொன்றுக்குத் தெரிவதில்லை. அதனால் எது எதைத் தவறவிடும் என்பதை வைத்து முடிவெடுப்பதே நல்லது.

முதலில் ஒரு கணக்கு

நேரடி ஸ்லைடில் ஏறும் மலம் ஏறத்தாழ 2 மில்லிகிராம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும்.

ஒரு பெண் உருண்டைப்புழு, ஊர்ப் பேச்சில் நாக்குப்பூச்சி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டை இடும். நாள் மலம் 200 கிராம் என்று கொண்டால் கிராமுக்கு 1,000 முட்டை, 2 மில்லிகிராமில் சராசரியாக 2 முட்டை. குடலில் ஒரே ஒரு பெண் புழு இருந்தாலும் ஸ்லைடில் சிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கொக்கிப்புழுவில் கதை மாறுகிறது. நெக்கேட்டர் இனப் பெண் புழு ஒன்று நாளுக்கு 5,000 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொண்டால் கிராமுக்கு 25 முட்டை வரும். அப்படிப்பட்ட பத்துப் புழுக்கள் இருந்தால் கிராமுக்கு 250; ஒரு ஸ்லைடுக்கு சராசரி அரை முட்டை. அதாவது பத்து ஸ்லைடு போட்டால் ஆறில் ஒரு முட்டைகூட இருக்காது. பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. இல்லாத முட்டையை யாராலும் பார்க்க முடியாது.

பத்துப் புழு சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். நெக்கேட்டர் புழு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 0.03 மி.லி. ரத்தத்தை வீணாக்கும், இன்னொரு கொக்கிப்புழு இனமான ஆன்சிலோஸ்டோமா டுவோடினேல் என்றால் 0.15 மி.லி. அல்லது அதற்கு மேல். ஏற்கெனவே இரும்புச்சத்து இருப்பு குறைந்த கர்ப்பிணிக்கு இது மாதக்கணக்கில் சேரும். மேலும், 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை அல்பென்டசோல் கொடுத்து வருவதால், இன்று வரும் மாதிரிகளில் புழுச் சுமை பொதுவாகக் குறைவாகவே இருக்கும். சுமை குறையக் குறைய 2 மில்லிகிராம் முறையின் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது.

நேரடி ஸ்லைடு: கைவிடக் கூடாதது, ஆனால் தனியாக நிற்காதது

இவ்வளவு சொன்ன பிறகும் நேரடி ஸ்லைடை நிறுத்தவே கூடாது. காரணம் ஒன்றுதான்: உயிரோடு நகரும் அமீபாவையும் ஜியார்டியாவையும் காட்டுவது அது மட்டுமே. மற்ற எல்லா முறையிலும் டிரோபோசோயிட் என்ற நகரும் நிலை சிதைந்துபோகும் அல்லது செத்துவிடும். விழும் இலை போலச் சுழன்றுகொண்டு போகும் ஜியார்டியாவை ஒருமுறை சலைனில் பார்த்தவருக்கு அது மறக்காது. 1681இல் லேவன்ஹுக் தன் சொந்த மலத்திலேயே அதைப் பார்த்தது இப்படி ஒரு நேரடித் துளியில்தான்.

ஆனால் நேரம் முக்கியம். நீராகப் போன மலத்தை அரை மணி நேரத்துக்குள், குழைவானதை ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் அன்றைக்குள் பார்த்தால் போதும். அதில் இருப்பது பெரும்பாலும் சிஸ்ட்களும் முட்டைகளும்தான், அவை பொறுக்கும். காலை எட்டு மணிக்கு டப்பாவில் பிடித்த பேதியைப் பதினொரு மணிக்கு ஸ்லைடு போட்டு அமீபா தேடுவது வீண் வேலை. இன்குபேட்டரில் சூடாக வைத்தால் டிரோபோசோயிட் பிழைத்திருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: சீக்கிரம் சிதைந்துபோகிறது. டப்பாவில் சிறுநீர் கலந்தாலும் அவை சாகும். கழிப்பறைத் தண்ணீர் கலந்தால் அதில் தானாக வாழும் உயிரிகள் வந்து குழப்பும்.

ஸ்லைடில் ஒரு பக்கம் 0.85% சலைன், மறுபக்கம் அயோடின். மலத்தின் அளவு தீக்குச்சித் தலையளவுக்கும் குறைவு. ஸ்லைடை செய்தித்தாளின் மேல் வைத்தால் கீழே உள்ள எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். படிக்க முடியவில்லையென்றால் தடிமன் அதிகம், படிக்க மிகவும் எளிதென்றால் மலம் போதவில்லை. 10 எக்ஸ் லென்ஸில் கவர் ஸ்லிப் முழுவதையும் வரிசையாக ஓட்டிப் பார்த்து, சந்தேகப்பட்ட இடங்களை 40 எக்ஸில் பார்க்க வேண்டும். மேடைக்கு அடியில் உள்ள கண்டென்சரின் ஒளித்திரையைக் கொஞ்சம் மூடுங்கள். வெளிச்சம் முழுவதும் திறந்திருந்தால் நிறமற்ற சிஸ்ட்கள் கண்ணில் படாமல் கரைந்துபோகும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே முதலிடம்.

அயோடின் விஷயத்திலும் ஒரு வழக்கமான கோளாறு உண்டு. கிராம் சாயத்துக்கு வைத்திருக்கும் அயோடினையே இதற்கும் ஊற்றுகிறார்கள். அது இதற்கு ஏற்றதல்ல. 1 கிராம் அயோடின், 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 100 மி.லி. தண்ணீர் என்ற கணக்கில் லூகால் கரைசல் போட்டு, பழுப்புப் பாட்டிலில் வையுங்கள். பால் விடாத டீயின் நிறம் இருக்க வேண்டும். வெளுத்துவிட்டால் புதிதாகப் போட வேண்டும். மிகக் கெட்டியாக இருந்தால் மலம் திரண்டு முட்டைகளை மறைக்கும்.

அமீபா ரிப்போர்ட்டில் ஒரு பெரிய தவறு நிலைத்துவிட்டது. என்டமீபா ஹிஸ்டோலிடிகாவின் சிஸ்டும், நோய் தராத என்டமீபா டிஸ்பாரின் சிஸ்டும் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றேதான்: 10 முதல் 15 மைக்ரான், முற்றியதில் நான்கு உட்கரு. டிஸ்பார் தனி இனம் என்று 1925இல் புரூம்ப்ட் சொன்னார், பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1993இல்தான் அது முறைப்படி பிரித்து நிறுவப்பட்டது. 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் கூட்டம், வேறு சோதனை செய்யாதபோது "ஹிஸ்டோலிடிகா அல்லது டிஸ்பார்" என்றே எழுதச் சொன்னது. ஆனாலும் வெறும் நான்கு உட்கரு சிஸ்டைப் பார்த்து "ஈ.ஹெச். சிஸ்ட்" என்று எழுதிக் கொடுப்பதும், அதற்கு ஒரு மெட்ரோனிடசோல் கோர்ஸ் போவதும் நின்றபாடில்லை. ரத்தச் சிவப்பணுக்களை விழுங்கிய, ஒரே திசையில் நகரும் டிரோபோசோயிட்டைக் கண்டால் ஹிஸ்டோலிடிகா பக்கம் சாயலாம். அப்போதும் ஜாக்கிரதை: பாக்டீரியா சீதபேதியில் வரும் மேக்ரோஃபேஜ் செல்லும் சிவப்பணுவை விழுங்கியிருக்கும், அமீபா போலவே தோன்றும்.

எட்டு உட்கரு உள்ள என்டமீபா கோலை சிஸ்ட் நோய் தராது. அதை நான்கு உட்கரு சிஸ்டாக எண்ணிவிடும் தவறு நடக்கக் காரணம் அளக்காமல் பார்ப்பதுதான். எந்த கிட் வாங்குவதற்கும் முன்னால் கண் லென்ஸுக்குள் வைக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக அளவு சரிபார்த்து வைப்பது நல்லது. இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்த முறையையும்விட ஒரு ரூபாய்க்குக் கூடுதல் பலன் தருவது அதுதான் என்பது எங்கள் கருத்து.

உப்பு மிதவை: மலிவு, ஆனால் சிலதுக்குக் குருடு

1921இல் வில்லிஸ் சொன்ன முறை. உப்புக் கரைசலைவிட முட்டை லேசானது, அதனால் மேலே வந்துவிடும். சென்ட்ரிஃபியூஜ் வேண்டாம், கரைப்பான் வேண்டாம். வாய் அகலம் குறைந்த சிறு பாட்டில் ஒன்றும் உப்பும் போதும்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஏறத்தாழ 400 கிராம் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். அடியில் கரையாத உப்பு தங்கினால்தான் கரைசல் நிறைவுற்றது. ஆறவைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். பொடி உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பவற்றால் கரைசல் கலங்கலாம். கல் உப்பு போட்டால் மண் வரும், வடிகட்டினால் சரியாகிவிடும். அடர்த்தி எண் 1.20 இருக்க வேண்டும், ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். நெல் விதை தேர்வுக்கு உப்புத் தண்ணீரில் கோழிமுட்டை மிதக்கிறதா என்று பார்ப்பது நம் ஊரில் பழகிய வேலை. அதே சோதனையை இங்கே செய்கிறவர்கள் உண்டு. அது ஏமாற்றும். நல்ல முட்டை 1.09 அளவிலேயே மிதந்துவிடும், அங்கிருந்து 1.20 வரைக்கும் இன்னும் நிறைய உப்பு போக வேண்டும்.

ஒரு கிராம் மலத்தைக் கொஞ்சம் கரைசலில் நன்றாகக் கரைத்து, 15 முதல் 20 மி.லி. பாட்டிலில் விளிம்பு வரை நிரப்புங்கள். கடைசிச் சொட்டுகளைப் பில்லரால் விட்டு நீர் மேடு போல எழும்ப வேண்டும், வழியக் கூடாது. அதன் மேல் ஸ்லைடை வையுங்கள். இடையில் காற்றுக் குமிழி சிக்கினால் அந்த இடத்தில் முட்டை ஒட்டாது. 20 நிமிடம் கழித்து ஸ்லைடை நேராக மேலே தூக்கி, ஒரே வீச்சில் புரட்டி, கவர் ஸ்லிப் போட்டு உடனே பாருங்கள். அரை மணி தாண்டினால் கொக்கிப்புழு முட்டைகள் சுருங்க ஆரம்பிக்கும், உப்பும் படிகமாகக் காய்ந்து காட்சியைக் கெடுக்கும்.

கொக்கிப்புழு முட்டைக்கு இதைவிட மலிவான நல்ல முறை கிடையாது. மெல்லிய ஓடுள்ள அதன் முட்டை மிகவும் லேசானது, துள்ளிக்கொண்டு மேலே வரும். கருவுற்ற நாக்குப்பூச்சி முட்டையும் சாட்டைப்புழு முட்டையும் மிதக்கும். ஆனால் இவையெல்லாம் தங்கிவிடும்:

நாடாப்புழுவின் டீனியா முட்டைகள் (அடர்த்தி 1.22 அளவில் இருப்பதால் 1.20 கரைசல் தூக்காது), கருவுறாத நாக்குப்பூச்சி முட்டை, மூடியுள்ள தட்டைப்புழு முட்டைகள், ஸ்டிராஞ்சிலாய்டஸ் என்ற குடற்புழுவின் குஞ்சுகள். சிஸ்ட்களோ இந்த உப்பில் சுருங்கி அடையாளம் தெரியாமல் போகும்.

ஆக, உப்பு மிதவையில் "எதுவும் இல்லை" என்று வந்தால் அதற்கு "கொக்கிப்புழு, சாட்டைப்புழு, கருவுற்ற நாக்குப்பூச்சி முட்டை இல்லை" என்று மட்டுமே பொருள். சிஸ்ட்களும் வேண்டுமென்றால் துத்தநாக சல்ஃபேட் கரைசல் உண்டு. 1938இல் ஃபாஸ்ட் கொண்டு வந்தது. 330 கிராம் துத்தநாக சல்ஃபேட்டை 670 மி.லி. தண்ணீரில் கரைத்து அடர்த்தி எண் 1.18க்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு சென்ட்ரிஃபியூஜ் தேவை. சென்ட்ரிஃபியூஜ் இருக்கும் லேப் ஏன் அடுத்த முறைக்குப் போகாமல் இதில் நிற்க வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

ஃபார்மலின் படிவு: ஒன்றே ஒன்று சேர்ப்பதானால் இதுதான்

1948இல் ரிச்சி வடிவமைத்தது. எல்லாவற்றையும் அடியில் இறக்குகிறது: லேசான முட்டை, கனமான முட்டை, சிஸ்ட், ஓசிஸ்ட் (கிரிப்டோஸ்போரிடியம் போன்ற பேதி ஒட்டுண்ணிகளின் மிகச் சிறிய சிஸ்ட்), எல்லாமே. இந்த ஒரு குணத்துக்காகவே இது மற்றவற்றை முந்துகிறது. முன்பு ஈதர் போட்டார்கள். ஈதரின் ஆவி மிகக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும், மூடிய குளிர்சாதனப் பெட்டிக்குள் வெடிக்கவும் செய்யும். இப்போது எத்தில் அசிட்டேட் போட்டால் போதும். அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான், ஆனால் ஈதர் அளவுக்கு ஆபத்தில்லை.

10% ஃபார்மலின் என்பதில் குழப்பம் வரும். கடையில் வரும் 37 முதல் 40% ஃபார்மால்டிஹைடு ஒரு பங்கும் தண்ணீர் ஒன்பது பங்கும் சேர்த்தால் அதுதான் 10% ஃபார்மலின். அதில் ஃபார்மால்டிஹைடு உண்மையில் 4% அளவே இருக்கும். சிலர் 10% ஃபார்மால்டிஹைடு என்று எடுத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டரை மடங்கு கெட்டியாகக் கலந்து கண் எரிந்து கிடக்கிறார்கள்.

செய்முறை இது. நிலக்கடலை அளவு மலத்தை 10 மி.லி. ஃபார்மலினில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். ஈரமான காஸ் துணியில், இரண்டு மடிப்புக்கு மேல் போடாமல் வடிகட்டி, 15 மி.லி. கூம்பு அடிக் குழாயில் விட வேண்டும். துணி மடிப்பு கூடினால் முட்டைகள் அதிலேயே தங்கும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேல் நீரைக் கொட்டினால் அடியில் ஒரு மி.லி. அளவு படிவு தங்க வேண்டும். அது 2 மி.லி.க்கு மேல் இருந்தால் மலம் அதிகம் எடுத்திருக்கிறீர்கள். மேலே கொஞ்சம் அகற்றிவிட்டுத் தொடருங்கள். பிறகு 7 மி.லி. 10% ஃபார்மலின், 3 மி.லி. எத்தில் அசிட்டேட். வாயை இறுக்கி மூடி, 30 வினாடி பலமாகக் குலுக்குங்கள், இடையிடையே மெல்லத் திறந்து அழுத்தத்தை வெளியே விட வேண்டும். விடாவிட்டால் மூடி தெறித்து, மலமும் ஃபார்மலினும் முகத்துக்கு வரும்.

அடுத்து 500 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 500 மடங்கு விசையில் சுற்ற வேண்டும். இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பலர் சுற்று எண்ணிக்கையை எழுதி வைத்திருப்பார்கள். தலையின் ஆரம் மாறினால் எல்லாமே மாறும். நடு அச்சிலிருந்து குழாயின் அடி வரை 10 செ.மீ. என்றால் 500 ஜிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,100 சுற்று, 15 செ.மீ. என்றால் 1,730 சுற்று போதும். முட்டை மட்டும் தேடுவதானால் 3 நிமிடம் சுற்றினாலும் நடக்கும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சிறிய ஓசிஸ்டும் வேண்டுமென்றால் 10 நிமிடம் சுற்றுங்கள், வேகம் குறைவாக இருந்தால் அவை இறங்காமல் மேல் நீரோடு கொட்டிப் போய்விடும்.

சுற்றி முடிந்த குழாயில் நான்கு அடுக்கு தெரியும்: மேலே எத்தில் அசிட்டேட், அடுத்தது கொழுப்பும் மலச் சக்கையும் சேர்ந்த அடைப்பு, அதன் கீழ் ஃபார்மலின், கடைசியில் படிவு. மரக்குச்சியால் அடைப்பைச் சுற்றி விடுவித்து, மேல் மூன்றையும் ஒரே கவிழ்ப்பில் கொட்ட வேண்டும். தயங்கித் தயங்கிக் கொட்டினால் படிவும் கூடவே போகும். பிறகு குழாயின் உள் சுவரைப் பஞ்சால் துடைப்பதை மறக்காதீர்கள். ஒட்டியிருக்கும் கரைப்பான் துளி கீழே இறங்கி, ஸ்லைடில் குமிழிகளாக நின்று எண்ணெய்க் கடல் போல ஆக்கிவிடும். "இந்த முறை சரியாக வரவில்லை" என்று விட்டுவிட்டவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்தத் துடைப்பைத் தவிர்த்ததாகவே இருக்கும்.

கணக்குக்குத் திரும்புவோம். ஒரு கிராம் மலத்தில் 25 கொக்கிப்புழு முட்டை இருந்து, வழியில் பாதி தொலைந்தாலும், மீதிப் பன்னிரண்டு சுமார் அரை மி.லி. படிவில் இருக்கும். அதில் இரண்டு சொட்டு பார்த்தால் ஒன்றிரண்டு முட்டை சிக்கிவிடும். நேரடி ஸ்லைடில் இருபது போட்டு ஒன்று பார்க்க வேண்டிய இடம் அது.

விலையாக நீங்கள் கொடுப்பது: டிரோபோசோயிட்டுகள் சிதையும், குஞ்சுகள் செத்து அசையாமல் கிடக்கும், மாதிரிக்குக் கால் மணி நேரம் போகும். பத்து மாதிரி சேர்த்துச் செய்தால் நேரக் கணக்கு குறையும். ஃபார்மலின் இருக்கிறதே, எல்லாம் செத்துவிட்டது என்று எண்ணிக் கையுறை இல்லாமல் தொடவும் கூடாது: தடித்த ஓடுள்ள நாக்குப்பூச்சி முட்டை ஃபார்மலினுக்குள்ளேயே வளரக்கூடியது.

இதே படிவிலிருந்து ஒரு ஸ்லைடு உலர்த்தி மாற்றியமைத்த அமிலத் தாங்கு சாயம் ஏற்றலாம். வழக்கமான காசநோய் சாயத்தில் உள்ள வலுவான நிறநீக்கிக்குப் பதிலாக 1% சல்ஃபியூரிக் அமிலம். கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான், சைக்ளோஸ்போரா 8 முதல் 10. அளவு தவிர இரண்டும் ஏறத்தாழ ஒரே தோற்றம், இதற்கும் அந்த மைக்ரோமீட்டர்தான். ஈஸ்ட் பூஞ்சை செல்கள் இந்த அளவிலேயே இருக்கும், ஆனால் அவை சிவப்பாகாமல் பின்சாய நிறமே ஏற்கும். சாயமில்லாத ஈர ஸ்லைடில் இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம். வழக்கமான மலப் பரிசோதனையில் கிரிப்டோஸ்போரிடியத்தை யாரும் தேடாததன் விலையை 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் பார்த்தது. குடிநீர் வழியாகப் பரவி, ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்ததாகக் கணக்கிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் பேதி நிற்காத குழந்தைக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கும் இந்தச் சாயத்தைக் கேட்காமலேயே போடுவது நல்ல பழக்கம்.

கேட்டோ-காட்ஸ்: எண்ணுவதற்கு

இது நோயாளியைத் தேடும் முறையல்ல, ஊரை அளக்கும் முறை. 1972இல் பிரேசிலில் காட்ஸும் துணையாளர்களும் செப்பமிட்டது. சல்லடையில் தேய்த்த மலத்தை 41.7 மில்லிகிராம் கொள்ளும் துளை அட்டையில் நிரப்பி, கிளிசராலும் மாலகைட் பச்சையும் சேர்ந்த கரைசலில் குறைந்தது ஒரு நாள் ஊறிய செல்லோபேன் துண்டால் மூடி அழுத்த வேண்டும். எண்ணிய முட்டைகளை 24ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை என்று வரும். கொக்கிப்புழு கிராமுக்கு 2,000க்குள் என்றால் லேசு, 4,000ஐத் தொட்டால் கடுமை. நாக்குப்பூச்சிக்கு இந்த எல்லைகள் 5,000, 50,000. சாட்டைப்புழுவுக்கு 1,000, 10,000. இவை உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைகள்.

தொல்லை கொக்கிப்புழுவில்தான். கிளிசரால் அதன் மெல்லிய ஓட்டை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கண்ணாடி போல ஆக்கி, முட்டை காணாமல் போகும். மற்ற முட்டைகள் அங்கேயே இருக்கும். காலையில் ஐம்பது ஸ்லைடு போட்டு மாலையில் உட்கார்ந்து எண்ணும் குழுவின் கணக்கில் கொக்கிப்புழு குறைந்து, நாக்குப்பூச்சி சரியாக வரும், ஊரே மருந்துக்குக் குணமாகிவிட்டது போலத் தோன்றும். பேதியாகப் போன மலத்துக்கும் சிஸ்ட்களுக்கும் இது உதவாது. ராணிப்பேட்டை (முன்பு வேலூர்), திருவண்ணாமலை மாவட்டங்களின் திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளிலும் பெனின், மலாவியிலும், ஊர் முழுவதற்கும் மருந்து கொடுத்துப் புழுப் பரவலை நிறுத்த முடியுமா என்று பார்த்த டிவார்ம்3 ஆய்வு, கடைசி முடிவைத் தீர்மானிக்க மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறைக்குப் போனதற்கும் குறைந்த சுமையில் மைக்ரோஸ்கோப் முறைகள் தடுமாறுவதே காரணம். சாதாரண லேப் கேட்டோ-காட்ஸ் கிட்டை வாங்க வேண்டியதில்லை.

இந்த நான்கிலும் அகப்படாத இரண்டு

கீரிப்பூச்சி முட்டை மலத்தில் கலப்பதே அரிது. ஆசனவாய்த் தோலில் இரவில் வந்து இடுகிறது. மலம் பார்த்தால் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேரிடம்தான் கிடைக்கும். காலையில் எழுந்ததும், கழுவும் முன், குளிக்கும் முன், ஒளி ஊடுருவும் ஒட்டு டேப்பை ஆசனவாய் மடிப்பில் அழுத்தி எடுத்து ஸ்லைடில் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மங்கலான, எழுதத் தகுந்த டேப்பில் ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்து மூன்று காலை செய்தால் நம்பலாம்.

ஸ்டிராஞ்சிலாய்டஸ் அதைவிட முக்கியம். முட்டை அல்ல, குஞ்சுதான் மலத்தில் வரும், அதுவும் விட்டுவிட்டு, மிகக் குறைவாக. ஸ்டீராய்டு தொடங்கிய நோயாளியில் இது உடல் முழுக்கப் பரவி உயிரைக் குடிக்கக்கூடும். ஒரே வேளை கொடுக்கும் அல்பென்டசோல் போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். இதற்கு புதிய மலத்தை அகர் தட்டில் வைத்து இரண்டு நாள் கழித்து ஊர்ந்த தடம் பார்ப்பது அல்லது பேர்மன் புனலில் வெதுவெதுப்பான தண்ணீரில் குஞ்சுகள் நீந்தி இறங்க விடுவது தவிர நல்ல வழியில்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு ஏறி, மலத்தில் எதுவும் தெரியாமல், ஸ்டீராய்டு தொடங்கப்போகும் நோயாளி என்றால் இதைச் செய்யும் லேபுக்கு அனுப்புங்கள்.

குஞ்சைக் கண்டால் உடனே ஸ்டிராஞ்சிலாய்டஸ் என்றும் எழுதக் கூடாது. நம் ஊர் வெயிலில் டப்பாவை ஒரு நாள் வெளியே வைத்தால் கொக்கிப்புழு முட்டையே பொரிந்து குஞ்சு வந்துவிடும். வாய்க் குழி நீளமாக இருந்தால் கொக்கிப்புழு, குட்டையாக இருந்து வயிற்றுப்பக்கம் பிறப்புறுப்பின் முளை எடுப்பாகத் தெரிந்தால் ஸ்டிராஞ்சிலாய்டஸ். முளை பார்க்கத் தெரியாதவர் குறைந்தபட்சம் மலம் எப்போது பிடித்தது என்று கேட்டுவிடலாம்.

மாதிரியைப் பிரித்து வைப்பது

எந்த முறையைத் தேர்ந்தாலும் ஒரே டப்பாவைக் கொண்டு எல்லாவற்றையும் செய்ய முடியாது, ஏனென்றால் ஒன்றுக்கு வேண்டியது மற்றதைக் கெடுக்கும். ஆன்டிஜன் சோதனைக்கு மலம் 4 டிகிரி செல்சியஸில் இருக்கலாம், ஹிஸ்டோலிடிகாவை டிஸ்பாரிலிருந்து பிரிக்கும் கிட்களுக்கு ஃபார்மலினில் போட்ட மலம் ஆகாது. ஸ்டிராஞ்சிலாய்டஸ் வளர்ப்புக்கு ஃப்ரிட்ஜே ஆகாது. படிவு முறைக்கு ஒரு பங்கு மலம், மூன்று பங்கு 10% ஃபார்மலின் என்று போட்டு வைத்தால் நாள் கணக்கில் நிற்கும். ஆகவே டப்பா வந்ததும் முதலில் நேரடி ஸ்லைடு. மீதியில் ஒரு பகுதி ஃபார்மலினுக்கு, ஒரு பகுதி அப்படியே. பேரியம் குடித்தவர், சிலர் வயிறு இறங்க எடுக்கும் விளக்கெண்ணெய் குடித்தவர் என்றால் ஒரு வாரமாவது தள்ளி வரச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் எடுத்தவருக்கு இரண்டு வாரம்.

ஒரு மாதிரி போதாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிஸ்ட் வெளியேற்றம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாளாக, பத்து நாளுக்குள் மூன்று மாதிரி என்பதே பழைய விதி. நடைமுறையில் நோயாளி இரண்டாவது முறை வருவதே பெரிது. அப்படியானால் முதல் மாதிரியிலேயே படிவு முறையைச் செய்வது இன்னும் அவசியமாகிறது.

வேலைச் சுமையை வைத்துச் சொன்னால்: ஒரு டெக்னீஷியன், ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு சென்ட்ரிஃபியூஜ், நாளுக்கு இருபது மாதிரிக்குள் என்றால் எல்லாவற்றுக்கும் நேரடி ஸ்லைடும் படிவும். சென்ட்ரிஃபியூஜ் இல்லாத இடத்தில் நேரடி ஸ்லைடும் உப்பு மிதவையும், கூடவே மிதவையில் டீனியா தெரியாது என்பதை ஞாபகத்தில் வைத்து நேரடி ஸ்லைடில் அதைத் தேடும் பழக்கம். மருத்துவர் சந்தேகப்படும் அமீபா சீதபேதிக்கு ஆன்டிஜன். ரிப்போர்ட்டில் "காணப்படவில்லை" என்ற வரிக்கு முன்னால், எந்த முறையில் பார்த்தது, எத்தனை மாதிரி, மலம் பிடித்ததற்கும் பார்த்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று மூன்றையும் எழுதுங்கள். இந்த மூன்றும் இருந்தால்தான், சோகை குறையாத நோயாளியை மறுபடி மலம் கொண்டுவரச் சொல்ல வேண்டுமா, வேறு காரணம் தேட வேண்டுமா என்று மருத்துவரால் முடிவெடுக்க முடியும்.